நடந்து வந்த சேதி

சடையப்பன் ஓடி, ஒரு குப்பமே அழுததைப் போன வாரம் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படித்தவர்கள் அதற்குள் ஒரு வாய் காபி குடித்துவிட்டு வரலாம்.

கடலூர் முதுநகருக்குத் தெற்கே, ஒரு பக்கம் உப்பனாறும் மறுபக்கம் கடலுமாக, நடுவில் ஒடுங்கிக் கிடக்கிறது புன்னங்குப்பம். அந்தக் கரையில் யாரும் ஓடமாட்டார்கள். மீன்கூடையோடு ஏலத்துக்குப் போகிறவள்கூட விறுவிறுவென்று நடப்பாளே தவிர ஓடமாட்டாள். கரையோரமாக ஒருவன் ஓடி வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கடலில் யாரோ போய்விட்டார்கள். அதைச் சொல்லத்தான் அவன் ஓடி வருகிறான்.

இது சடையப்பனுக்குத் தெரியாதா? அதே மணலில் புரண்டு வளர்ந்தவன்தானே. ஆனால் துறைமுக ஆபீசில் பியூன் வேலை கிடைத்து, தபாலைத் தூக்கிக்கொண்டு அவன் ஓடுகிற அழகைப் பார்த்து ஆபீசர் ஒருவர், வருகிற அறுபத்தாறாம் வருஷம் தை மாதம் மெட்ராசில் நடக்கப்போகும் இருபத்தாறு மைல் பந்தயத்துக்குப் பெயரும் கொடுத்துவிட்டாரா, அதிலிருந்து பிள்ளை தரையில் இல்லை. கார்த்திகை மாதத்து விடியல் ஒன்றில், என்ன செய்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் கரையில் ஓடிவிட்டான். குடிசைகளிலிருந்து பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு வந்தார்கள். அன்று கடலுக்குப் போயிருந்த அண்ணன் வைத்திலிங்கத்தின் மனைவி வேலம்மாள், கொழுந்தன் ஓடி வருவதைப் பார்த்த இடத்திலேயே மணலில் சாய்ந்துவிட்டாள்.

மத்தியானம் வைத்திலிங்கம் கூடை நிறைய மீனோடு முழுசாக வந்து சேர்ந்தான். அதனால் என்ன? "சாவு இல்லாம இந்தக் கரையில எவன் ஓடினாலும் ஊரை வுட்டுத் தள்ளி வெப்போம்" என்று குப்பத்துத் தலைவரான நாட்டார் சுப்புராயன் சொல்லிவிட்டார். அண்ணி சடையப்பனிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

நாட்டாருடைய சட்டத்தைக்கூட அவன் தாங்கிக்கொண்டான். அண்ணியின் மௌனத்தைத்தான் தாங்க முடியவில்லை. தாயில்லாத வீட்டுக்கு மருமகளாக வந்து இவனுக்கு மூக்கைத் துடைத்துவிட்டவள் அவள். இப்போது தட்டில் சோற்றைப் போட்டுத் தள்ளிவிட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கரை போனால் ரோடு இருக்கிறது. சனிக்கிழமை ஆபீஸ் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமலே ரெயிலேறிச் சிதம்பரம் போவான். அங்கே அக்கா அஞ்சம்மாளின் புருஷனுக்கு ரெயில்வேயில் கேட் கீப்பர் வேலை. ராத்திரி அங்கே படுத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓடுவான்.

இதோ, அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. மார்கழி.

"டேய், இந்தப் பனியில வெறும் பனியனோட போறியே, சளி புடிச்சிக்கப் போவுது" என்றாள் அஞ்சம்மாள்.

"ஓடினா பனி தெரியாதுக்கா."

"அண்ணி பேசினாளா?"

அவன் குனிந்து அரை டிராயரின் நாடாவை இறுக்கினான்.

"சரி வுடு. பேசாம எங்க போயிடப் போறா? சாமிய ஒரு சுத்து சுத்திட்டு ஓடு. எல்லாம் நல்லபடியா ஆவும்."

அக்கா சொன்னபடியே முதலில் தேர் வீதிகளுக்குப் போனான். அங்கே ஒரு சங்கடம். மார்கழிக் காலையில் சிதம்பரத்துத் தேர் வீதிகளில் ஓடிப் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். தெரு முழுக்கக் கோலம். ஒவ்வொரு வாசலிலும் புள்ளி வைத்து, இழை இழுத்து, பூசணிப்பூவும் செருகியிருந்தது. ஒன்றைக்கூட மிதிக்க அவனுக்கு மனசில்லை. வளைந்தும் நெளிந்தும் சில இடங்களில் தாவியும் ஓடினான். கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்ற ஒரு மாமி, "யாருடாப்பா உன்னைத் துரத்தறா?" என்று கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டே சாமியை வலமாகச் சுற்றி முடித்து, ரெயில்வே லைனைத் தாண்டிக் கிள்ளை ரோட்டில் இறங்கினான்.

ரோடு பனிக்குள் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் விளைந்த நெல்லின் வாசனை மட்டும் வந்தது, வயல் தெரியவில்லை. எதிரே ஒரு மாட்டுவண்டி வந்தது. வண்டிக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். மாடுகளும் பாதித் தூக்கத்தில்தான் நடந்தன. சடையப்பனுக்கும் கொஞ்ச நேரத்தில் அந்த மயக்கம் வந்தது. தன் கால்கள் தன்னுடையவை இல்லை, வேறு யாரோ நல்லவர் ஒருவர் தன்னைத் தூக்கிக்கொண்டு போகிறார் என்பதுபோல ஒரு சுகம். இந்தச் சுகத்தைக் குப்பத்தில் யாரிடம் சொல்ல முடியும்? அண்ணி பேசுகிற காலமாக இருந்தால் அவளிடம் சொல்லியிருப்பான். அவளும், "கிறுக்கா, சோத்தைத் தின்னு" என்றிருப்பாள். அதைக் கேட்பதற்காகவே சொல்லியிருப்பான்.

பிச்சாவரத்துப் பக்கம் சுரபுன்னைக் காடு பனிக்குள் கருப்பாகத் தெரிந்தபோது வெயில் லேசாக வந்துவிட்டது. பறவைகள் கத்தத் தொடங்கியிருந்தன. வெள்ளாற்று முகத்துவாரத்தில் தோணி ஏறி அக்கரை போய், பரங்கிப்பேட்டையில் ஒரு டீ குடித்துவிட்டுச் சாயங்கால ரெயிலில் ஊர் திரும்புவது அவன் வழக்கம். பந்தய தூரத்தில் பாதிக்கு மேல் அவன் ஒருநாளும் ஓடியதில்லை. அதற்கு மேல் ஓடினால் கால் என்ன சொல்லுமோ என்று ஒரு பயம்.

"கடலூரா தம்பி?" என்று தோணிக்காரர் துடுப்பைப் போட்டுக்கொண்டே கேட்டார். "ராத்திரி உங்க ஊர் கட்டுமரம் ஒண்ணு இங்க ஒதுங்கிச்சு. தனி ஆளு. பாவம், சாமி புண்ணியத்துல பொழைச்சான்."

"எந்தக் குப்பம்?"

"என்னமோ புன்னன்னு சொன்னாங்க."

தோணி கரை தட்டும் முன்பே சடையப்பன் தண்ணீரில் குதித்துவிட்டான்.

மீன் காயவைக்கிற கொட்டகை ஒன்றில், கயிற்றுக் கட்டிலில் வைத்திலிங்கம் கிடந்தான். உதடெல்லாம் உப்பு வெடித்திருந்தது. வலது தோளில் துணிக்கட்டு. கொட்டகைக்காரரான மரைக்காயர் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சியை ஆற்றி ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். தம்பியைப் பார்த்ததும் வைத்திலிங்கம் நம்பவில்லை. மலங்க மலங்க விழித்தான்.

"சடையா? நீ எங்கடா இங்க?"

"அண்ணே, என்னாண்ணே ஆச்சு?"

"நேத்து விடியகாலம் போனேன். பாயி கிழிஞ்சிப் போச்சு. வாடைக் காத்து தெக்கால இழுத்துக்கினு வந்துடுச்சு. நேத்து மத்தியானமே கரைக்கு வந்திருக்கணும்டா நானு." அவனுக்குக் குரல் உடைந்தது. "வேலு இன்னேரம் என்னா ஆனாளோ?"

நேற்று ஆபீசிலிருந்து நேராக ரெயிலேறிய சடையப்பனுக்கு அப்போதுதான் எல்லாம் உறைத்தது. அண்ணன் வரவில்லை என்று நேற்று மத்தியானத்திலிருந்து அண்ணி கரையில் நிற்கிறாள். அவன் இங்கே ஊர் ஊராக ஓடிக்கொண்டிருக்கிறான்.

"தம்பி, கவலப்படாதீங்க. அல்லா காப்பாத்திட்டான்" என்றார் மரைக்காயர். "தோளு எறங்கிப்போச்சு, அவ்ளதான். வைத்தியரு இவர அசையக் கூடாதுன்னிருக்காரு."

"ஊருக்குச் சேதி சொல்லணுங்க. பஸ் இருக்குதா?"

"காலை பஸ் போயிடுச்சே. இனிமே பஸ்ஸும் ரெயிலும் சாயங்காலம்தான். ஞாயித்துக்கிழமை, தபாலாபீசும் பூட்டிக் கெடக்குது."

"சாயங்காலம் வரைக்கும் அவ தாங்கமாட்டாடா" என்றான் வைத்திலிங்கம். "அன்னிக்கி நீ சும்மா ஓடினதுக்கே சாஞ்சவ. இன்னிக்கி பொழுது சாய்ஞ்சா ஒப்பாரி வெச்சிடுவாங்க. அதைக் கேட்டாளோ, கடல்ல எறங்கிடுவா. எனக்குத் தெரியும் அவள."

கூரைக்கு மேலே காற்று அடித்துக்கொண்டிருந்தது.

தம்பியின் ஓட்டத்தைப் பற்றி இதுநாள் வரை நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை பேசாத வைத்திலிங்கம், தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"ஓடிடுவியாடா?"

சடையப்பன் மரைக்காயர் கொடுத்த கஞ்சியை ஒரே மூச்சில் குடித்தான். "ஓடுறேண்ணே" என்றான்.

பரங்கிப்பேட்டையிலிருந்து புன்னங்குப்பம் வரைக்கும் ஒரே கரை. இடதுபக்கம் தாழம்புதர், வலதுபக்கம் கடல். அலை ஏறி இறங்கிய ஈரமணல் கெட்டியாக இருந்தது. காற்று எதிர்க்காற்று. அண்ணனை இழுத்துக்கொண்டு போன அதே வாடைக் காற்று இவன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. தள்ளட்டும் என்று ஓடினான்.

சிறிது தூரம் போனதும் அந்த மயக்கம் திரும்பி வந்தது. இப்போது அதில் ஒரு கனவும் சேர்ந்துகொண்டது. குப்பத்துக்குள் தான் ஓடி நுழைவதாகக் கண்டான். "அண்ணன் இருக்காரு! அண்ணன் இருக்காரு!" என்று கத்திக்கொண்டே போவதாகவும், அண்ணி நிமிர்ந்து பார்ப்பதாகவும், நாட்டார் வாயடைத்து நிற்பதாகவும் கண்டான். கனவில் எல்லாரும் சிரித்தார்கள். அண்ணி மட்டும் அழுதாள். அழுதுகொண்டே அவனோடு பேசினாள். என்ன பேசினாள் என்பது காற்றில் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சந்தோஷமாக இருந்தது. அலைநுரை கணுக்காலில் தொட்டுத் தொட்டுப் போயிற்று.

யாரோ அலறியபோதுதான் கண் தெளிந்தது.

வழியில் இருந்த வேறொரு குப்பத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தான். வலை பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒருத்தி தலையில் கை வைத்திருந்தாள். இன்னொருத்தி இடுப்பிலிருந்த குழந்தையைக் கீழே விட்டுவிட்டு அவனை நோக்கி வந்தாள்.

"யாருப்பா? எந்த மரம்? எங்க வூட்டு ஆளா? சொல்லுப்பா!"

சடையப்பன் நின்று இரண்டு கையையும் ஆட்டினான். "இல்லீங்க, இல்லீங்க! யாருக்கும் ஒண்ணுமில்ல. நான் எங்க ஊருக்குப் போறேன். நல்ல சேதிதான்."

அவள் முகத்தில் உயிர் திரும்பி வர நேரம் பிடித்தது. வந்ததும் கோபமும் கூடவே வந்துவிட்டது.

"நல்ல சேதிக்கு எவன்டா ஓடுவான், படுபாவி?"

அந்தக் கேள்வியோடுதான் அவன் அந்தக் குப்பத்தைத் தாண்டினான். தாண்டும் வரை நடந்தான். எத்தனை பெரிய மடத்தனம் செய்ய இருந்தோம் என்பது நடக்கும்போதுதான் புரிந்தது. கரையில் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருக்கிற அண்ணி, திரும்பும்போது அவன் ஓடி வருவதைத்தான் முதலில் பார்ப்பாள். வாய் என்ன கத்தினாலும் அந்தக் காற்றில் அவளுக்குக் கேட்காது. கால்தான் தெரியும். அண்ணன் உயிரோடு இருக்கிறான் என்று சொல்லப்போய் அண்ணியைக் கொன்றிருப்பான்.

பிறகு அவன் ஓட்டம் வேறு மாதிரி ஆயிற்று. குப்பங்களுக்கு நடுவே ஆளில்லாத கரையில் பறந்தான். கூரைகள் தெரிந்ததும் நடந்தான். கடந்ததும் மறுபடி பறந்தான். நடக்கும்போதெல்லாம் யாராவது, "எங்கப்பா இவ்ளோ தூரம்?" என்று விசாரித்தார்கள். "சும்மா, ஊருக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டே நடந்தான். ஓடுவதைவிட அப்படி நடப்பதுதான் மூச்சு வாங்கியது. பாதிக்கு மேல் கால் என்ன சொல்லும் என்ற பயமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. கால் நிறையத்தான் சொன்னது. கேட்க அவனுக்கு நேரமில்லை.

வெயில் உச்சிக்கு வந்தபோது மொட்டைப் பனை தெரிந்தது. அங்கேதான் கரை வளைகிறது. பனையைத் தாண்டினால் புன்னங்குப்பம் முழுக்கத் தெரியும். அங்கிருப்பவர்களுக்கும் இவன் தெரிவான்.

பனைக்குப் பின்னால் நின்றான். குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்தான். முகத்தைக் கடல்தண்ணீரில் கழுவினான். இடுப்பிலிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினான்.

கரை முழுக்க ஜனம். தேடப்போன மரங்கள் திரும்பி வந்து மணலில் கிடந்தன. ஆண்கள் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்தை விட்டுத் தள்ளி, அலை காலை நனைக்கிற இடத்தில் ஒருத்தி மட்டும் நின்றாள்.

ஓடு ஓடு என்று உடம்பெல்லாம் கெஞ்சியது. இத்தனை மாதப் பயிற்சியில் இந்தக் கொஞ்ச தூரம்தான் அவனுக்கு மிகக் கஷ்டமாக இருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். மத்தியானச் சாப்பாடு முடிந்து காற்று வாங்க வந்தவனைப்போல ஒவ்வொரு அடியாக வைத்தான். வழியில் கிடந்த ஒரு கிளிஞ்சலைக் குனிந்து எடுத்துப் பார்த்தான். நல்ல கிளிஞ்சல்தான். திரும்பப் போட்டான்.

வேலம்மாள் திரும்பினாள்.

கையைக் கண்ணுக்கு மேலே வைத்துப் பார்த்தாள். வருகிறவன் யார் என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். அப்புறம் அவன் வருகிற விதம் தெரிந்தது. நடந்து வருகிறான். தெற்கேயிருந்து, அண்ணனைக் காற்று தள்ளியிருக்கக்கூடிய திசையிலிருந்து, ஓட்டக்காரன் சடையப்பன் மெதுவாக நடந்து வருகிறான்.

அவள் ஓர் அடி வைத்தாள். இன்னோர் அடி. பிறகு ஓடினாள்.

கொண்டை அவிழ, முந்தானை காற்றில் பறக்க, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கரையோடு ஓடி வந்தாள். சடையப்பனுக்கு ஒரு கணம் இதுவும் ஓடும்போது வருகிற கனவுதானோ என்று இருந்தது. அவளுக்குப் பின்னாலிருந்து வந்த சத்தம்தான் அவனை உலுக்கியது. வேலம்மாள் ஓடுவதைக் குப்பம் பார்த்துவிட்டது! அவ்வளவுதான், வைத்திலிங்கம் போய்விட்டான் என்று பெண்கள் ஒரே குரலில் ஓலமிட்டார்கள். ஆண்கள் தலையில் அடித்துக்கொண்டு எழுந்தார்கள்.

"அண்ணி, ஓடாதீங்க! ஐயோ, ஓடாதீங்க அண்ணி!" என்று கத்தினான் சடையப்பன்.

அவள் வந்து அவன் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள்.

"நடந்துதான வந்த? சொல்லு தம்பி, நீ நடந்துதான வந்த?"

ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் அவனிடம் பேசிய முதல் பேச்சு.

"நடந்துதான் வந்தேன் அண்ணி. அண்ணன் பரங்கிப்பேட்டையில இருக்காரு. தோளுல அடி, வேற ஒண்ணுமில்ல. கஞ்சி குடிச்சாரு. நான் கண்ணால பாத்தேன்."

அவள் மணலில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள், சிரித்தாள், அவனையும் இழுத்து உட்கார வைத்தாள். அப்போதுதான் அவன் பாதங்களைப் பார்த்தாள். குதிகால் இரண்டும் வெடித்து, மணலோடு ரத்தம் அப்பியிருந்தது. பனியனில் வியர்வை காய்ந்து உப்பு வரிவரியாக நின்றது.

"பொய்யி. பரங்கிப்பேட்டையிலேருந்து ஓடி வந்திருக்க."

"மொட்டைப் பனை வரைக்கும்தான் அண்ணி."

வேலம்மாள் அந்தப் பாதங்களைத் தன் முந்தானையால் துடைத்தாள். வெகுநேரம் துடைத்தாள்.

ஓலத்தோடு வந்த குப்பம், விஷயம் தெரிந்ததும் ஓலத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் தடுமாறியது. சிலர் அழுகையைச் சிரிப்பாக மாற்றிக்கொண்டார்கள். சிலர் அதைத் திட்டாக மாற்றினார்கள். ஒருத்தி வேலம்மாளின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "ஈரக்கொலையே அறுந்துபோச்சுடி எங்களுக்கு!"

நாட்டார் சுப்புராயன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். வைத்திலிங்கம் பிழைத்ததில் அவருக்கும் சந்தோஷம்தான், கண் கலங்கியிருந்தது. ஆனால் சட்டம் போட்டவர் அவர்.

"கரையில ஓடினது யாரு?" என்றார்.

எல்லாரும் சடையப்பனைப் பார்த்தார்கள். அவன் நடந்து வந்ததை எல்லாருமே பார்த்திருந்தார்கள். அதனால் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள்.

வேலம்மாள் எழுந்தாள். அவிழ்ந்த கூந்தலை முடிந்துகொண்டாள்.

"நான்தான் ஓடினேன் மாமா."

"ஊரு கூடிச் சொன்னது உனக்குந்தான் வேலம்மா. பொம்பளன்னு பாக்க முடியாது."

"பாக்காதீங்க. ஆனா ஒண்ணு கேளுங்க. இவன் நடந்து வந்ததாலதான் எனக்கு உசுரு வந்துச்சு. இவனுக்கு ஓடத் தெரிஞ்சதாலதான் அந்த நடை இங்க வந்து சேந்துச்சு. இந்தக் கரையில இத்தினி காலமா சாவுக்கே ஓடினோம். நல்ல சேதிக்கும் ஒரு ஓட்டம் ஓடினா என்னா? நாளைக்கு விடிஞ்சதும் எங்க சடையப்பன் இங்கதான் ஓடப்போறான். எல்லாரும் இப்பவே கேட்டுக்குங்க, பயப்படாதீங்க. தள்ளி வெக்கிறதுன்னா எங்க ரெண்டு பேரையும் சேத்தே தள்ளி வைங்க."

நாட்டார் கடலைப் பார்த்தார், மொட்டைப் பனையைப் பார்த்தார், கடைசியில் சடையப்பனின் காலைப் பார்த்தார்.

"பொழுது சாய மாரியம்மன் கோயிலாண்ட வாங்க, ரெண்டு பேரும். ஊரு முடிவு பண்ணும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

கூட்டம் கலைந்தது. வேலம்மாள் கொழுந்தனின் கையைத் தன் தோளில் போட்டுத் தாங்கிக்கொண்டாள். அவனுக்கு இன்னும் பாதிக் கனவாகவே இருந்தது. வெயில், காற்று, அண்ணியின் தோள் எல்லாமே எங்கோ தள்ளி இருப்பதுபோல் தோன்றியது. கோயில் பக்கம் ஊர்க்கூட்டத்துக்கு மணி அடித்துச் சொல்வது கேட்டதும் பதறி, காலை எட்டிப் போட்டான்.

"அண்ணி, தள்ளி வெச்சிட்டாங்கன்னா?"

"அது பொழுது சாய பாத்துக்கலாம். வூட்டுல சோறு இருக்குது, மொதல்ல தின்னு." அவள் அவன் கையை இறுக்கிப் பிடித்து நிதானப்படுத்தினாள். "மெதுவா நடடா கிறுக்கா. ஓடுறது நாளைக்கு."